பன்னாட்டுச் சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தைகளில் மூத்த தொடர்பு அலுவலருக்கு என்னதான் வேலை?

கேள்வி கேட்டவர் சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர். பன்னாட்டு அமைப்பு ஒன்றில் 'மூத்த தொடர்பு அலுவலர்' பதவிக்கு விளம்பரம் பார்த்திருக்கிறார். அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும், படித்த அறிவியல் அங்கே உதவுமா என்று கேட்டிருக்கிறார். பதினாறு வருடமாக நான் இதே வேலையில்தான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஊர் மொரீஷியஸ், ரோஸ் ஹில் பக்கம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சின்னத் தீவு, பெயரைச் சொன்னால் எந்த மேசை என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் ஒரு புள்ளியின் கதை.

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 450 கிலோமீட்டரில் ட்ரொமெலின் என்று ஒரு தீவு இருக்கிறது. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் வந்தால் அதிகம். மணல், குட்டைச் செடிகள், ஒரு வானிலை நிலையம், முட்டையிட வரும் பச்சை ஆமைகள். பிரான்ஸ் அதை நிர்வகிக்கிறது. மொரீஷியஸ் அது தன்னுடையது என்கிறது. நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம் பவளப்பாறைகள் பற்றி இரண்டு நாள் கூட்டம் ஒன்று நடந்தது. 1998இல் கடல் சூடேறி இந்தப் பக்கத்துப் பவளம் வெளுத்துப்போனது. அதற்குப் பிறகு எங்கே எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை எல்லா நாடுகளும் ஒரே முறையில் கணக்கெடுக்கலாமா என்பதுதான் பேச்சு. அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம். ஆய்வாளர் ஒருவர் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியது. அதில் ட்ரொமெலின் என்ற புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நாட்டின் பெயர் மட்டும் இருந்தது. நான் கவனிக்கவில்லை. இருநூறு பிரதி அச்சடித்து மேசைகளில் வைத்தாயிற்று.

காலையில் ஒரு தூதுக்குழு அறிக்கையைத் திறந்தது, மூடியது, மேசையின் ஓரத்துக்குத் தள்ளியது. "இந்த ஆவணம் எங்களுக்கு வந்து சேரவில்லை என்று குறிப்பெழுதுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான். குரல் உயரவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் மாலை வரை ஒரு பத்திகூட நகரவில்லை. அன்று இரவு விடுதி அறைத் தரையில் உட்கார்ந்து, இருநூறு பிரதிகளிலும் ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் பெயர்த்து, நான்காம் பக்கத்தை உருவினோம். மறுநாள் கூட்டம் ஒழுங்காக நடந்தது. பவளத்தைப் பற்றிப் பேச எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரே நாள்தான்.

இந்தக் கடலில் அப்படி ஒரு புள்ளி மட்டும் இல்லை. மயோட் தீவை கொமொரோஸ் நாடு கேட்கிறது. மடகாஸ்கரைச் சுற்றியுள்ள குளோரியஸ், ஜுவான் தெ நோவா, யூரோப்பா ஆகியவற்றை மடகாஸ்கர் கேட்கிறது. எல்லாம் பிரான்ஸின் கையில் இருப்பவை. சாகோஸ் தீவுக்கூட்டம் மொரீஷியஸுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வழக்கு. இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆமையைப் பற்றிப் பேச வேண்டும். ஆமைக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. ஒரு நாட்டில் முட்டையிட்டு இன்னொரு நாட்டுக் கடலில் மேயும்.

அதனால் இப்போது எந்த வரைபடமும் என் கை வழியாகத்தான் போகும். முதலில் அந்தந்த வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவுக்கு அனுப்புவேன். இதிலுள்ள பெயர்களும் கோடுகளும் எந்த இடத்தின் சட்ட நிலை பற்றியும் கருத்துச் சொல்பவை அல்ல என்று அடியில் ஒரு குறிப்பு வரும். சில சமயம் ஒரே புள்ளிக்கு இரண்டு அடிக்குறிப்பு. அதுவும் ஒத்துவராவிட்டால் பெயரையே எடுத்துவிட்டு 'நிலையம் 14' என்று எண் போட்டு, அட்சரேகை தீர்க்கரேகை மட்டும் கொடுப்போம். ஆய்வாளர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். தரவு வெளியே வருகிறதே என்று பிறகு சமாதானமாகிவிடுவார்கள்.

ஒரு புள்ளிக்கு இத்தனை அமளியா என்று உங்களுக்குத் தோன்றலாம். மொரீஷியஸ் தமிழர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்கடுத்து தேவநாகரி என்பதுதான் நெடுநாள் வரிசை. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. ஊர் கொந்தளித்தது, நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், அடுத்த வருடம் பழைய வரிசையோடு வேறு நோட்டு வந்தது. அப்போது நான் கல்லூரி மாணவி. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், "ஒரு வரி கீழே போனதற்கா இத்தனை கூச்சல்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி, அம்மா சாமியிடம் மட்டும்தான் தமிழில் பேசுவார். ஆனாலும் அன்றைக்கு அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அந்தத் தூதுக்குழு அறிக்கையை ஓரத்துக்குத் தள்ளியபோது எனக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, அன்றாடத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஃபோக்கல் பாயிண்ட் என்போம். சிறிய நாடுகளில் பல்லுயிர், பருவநிலை, ரசாயனக் கழிவு என்று மூன்றுக்கும் ஒரே ஆள்தான். அவர் மாற்றலாகிப் போயிருப்பார், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நம் கடிதம் பழைய ஆளின் மின்னஞ்சலில் இரண்டு மாதமாகத் தூங்கும். எந்த நாற்காலியில் இந்த மாதம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பதே பாதி வேலை. என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யாருக்குப் பிரெஞ்சில் எழுத வேண்டும், யார் வெள்ளிக்கிழமை பகலில் தொழுகைக்குப் போவார், யாருடைய அமைச்சர் தேர்தலில் மாட்டியிருக்கிறார், எல்லாம் அதில்.

அப்புறம் நோட் வெர்பால். ஒரு நாட்டுக்கு முறைப்படி எழுதும் கடிதம். 'நான்', 'நீங்கள்' எதுவும் வராது, எல்லாம் படர்க்கையில். கீழே கையெழுத்துக்குப் பதில் முத்திரையும் சுருக்கொப்பமும். நான் கற்றுக்கொண்ட வரிசை: முதலில் வாட்ஸ்ஆப்பில் ஒரு வணக்கம், "இப்படி ஒரு கடிதம் வரும்" என்று ஒரு வரி, மறுநாள் நோட் வெர்பால். சொல்லாமல் கடிதம் போனால் மனத்தாங்கல். கடிதம் போகாமல் வெறும் வாட்ஸ்ஆப் என்றால் அந்த அலுவலருக்குப் பயண அனுமதி கிடைக்காது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.நா. கூட்டங்கள் நடக்கும் நியூயார்க்கில் கோடைகாலப் பிற்பகல் 3 மணி என்றால் இங்கே இரவு 11. பெருங்கடல் உடன்படிக்கைப் பேச்சு 2023 மார்ச்சில் முடிந்தபோது அங்கே 4ஆம் தேதி இரவு, எங்களுக்கு 5ஆம் தேதி விடிந்திருந்தது. அந்த ஜூன் 19ஆம் தேதி அதை முறைப்படி ஏற்றார்கள். 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் உயிரினங்களை எப்படிக் காப்பது என்பது அதன் பொருள். பெரிய நாடுகளுக்கு அது தூரத்து விஷயமாக இருக்கலாம். எங்களுக்கு வாசலில். மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் நடுவே சாயா டி மல்ஹா என்ற ஆழமில்லாத திட்டு இருக்கிறது, பரந்த கடற்புல் வெளி. இரு நாடுகளும் சண்டை போடாமல் சேர்ந்து விண்ணப்பித்து, அந்தப் பகுதியில் சுமார் 3,96,000 சதுர கிலோமீட்டர் கடலடித் தரையைக் கூட்டாகப் பெற்றன. 2012இல் ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் தரைதான் கூட்டு. மேலே இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி எந்த நாட்டுடையதும் இல்லை. புல் வேர்விட்டிருப்பது இரு நாடுகளின் நிலத்தில். அதன் மேல் நீந்தும் மீன் யாருக்கும் சொந்தமில்லை. சூரை மீன் என்றால் அதற்கென்று சீஷெல்ஸின் விக்டோரியாவில் தனி ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஆய்வுக் கப்பல் அங்கே போய் ஒரு பிடி புல்லை எடுக்க எத்தனை கடிதம் போக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தக் கடிதங்களைப் போடுவது நான்.

மொழி பற்றித் தனியாகவே எழுதலாம். பிரெஞ்சில் 'திமாந்தே' என்றால் கேட்டுக்கொள்வது. அதே சாயலில் ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்று வைத்தால் அதட்டிக் கேட்பது. பணிவாக எழுதிய பிரெஞ்சுக் கடிதத்தை அவசரத்தில் ஆங்கிலமாக்கி, எதிர்த் தரப்பு முகம் சுளித்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் இருக்க மாட்டார்கள். உண்மையான பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும், காபி மெஷினுக்குப் பக்கத்தில். அந்த நேரத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் நீங்கள் என்றால் உங்கள் பதவி என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

2015 டிசம்பர் 12, பாரிஸ் பருவநிலை மாநாடு. எல்லாம் முடிந்து அறிவிக்க வேண்டிய நேரத்தில் நான்காம் பிரிவில் ஒரு சொல்லால் கூட்டம் நின்றது. வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பது பற்றிய வரியில் 'ஷால்' என்று இருந்தது. அது சட்டக் கடமை, அமெரிக்காவால் ஏற்க முடியாது. எழுத்துப் பிழை போலப் பாவித்து 'ஷுட்' என்று திருத்தினார்கள், ஒப்பந்தம் நிறைவேறியது. தமிழில் இரண்டுக்கும் 'வேண்டும்' என்றே எழுதிவிடுகிறோம். நான் எனக்காகத் தமிழில் குறிப்பெடுக்கும்போது முதலாவதுக்கு 'செய்தாக வேண்டும்', இரண்டாவதுக்கு 'செய்வது முறை' என்று பிரித்துக்கொள்வேன்.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 2010 ஏப்ரலில் பிரிட்டன் சாகோஸைச் சுற்றி ஒரு கடல் பாதுகாப்பு மண்டலத்தை அறிவித்தது. பவளத்துக்கு நல்லது என்று உலகத்தில் பலர் கைதட்டினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் 1973க்குள் வெளியேற்றப்பட்டு, பலர் எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸின் ஏழைக் குடியிருப்புகளில் வயதாகிக்கொண்டிருந்தார்கள். 2015 மார்ச்சில் நடுவர் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கைக்கு ஒவ்வாதது என்றது. வெளியிலிருந்து வரும் நிபுணர் உற்சாகமாக "பாதுகாப்பு மண்டலம்" என்று ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் ஏன் இறுகிப்போகிறார்கள் என்பதை முந்தின நாள் இரவுச் சாப்பாட்டிலேயே அவருக்குச் சொல்லிவைப்பது என் பொறுப்பு.

இத்தனை வருடத்தில் மிகக் கடினமான நாட்கள் 2020இல். ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பொயின்ட் டெஸ்னி பாறைத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது, ஏறக்குறைய 1,000 டன். பக்கத்திலேயே ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் உள்ள புளூ பே. மாஹேபூர் கரையில் மக்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவை கட்டினார்கள். என் தங்கையும் அங்கேதான் இருந்தாள், கைநகத்திலிருந்து எண்ணெய்க் கறை போகப் பல வாரம் ஆயிற்று. நானோ போனில். கொரோனாவால் எல்லை மூடியிருந்தது. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து கருவிகள், ஜப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நிபுணர்கள். யாரைத் தனிமைப்படுத்துவது, யாரை நேரே கரைக்கு விடுவது, சுங்கத்தில் எந்தப் படிவம்? வெளியே தைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க எனக்கு வெட்கமாகவே இருந்தது. அப்புறம் இழப்பீட்டுக் கேள்வி. எண்ணெயைச் சரக்காக ஏற்றிய டேங்கர் என்றால் அதற்கென்று பன்னாட்டு நிதி இருக்கிறது. இது சரக்குக் கப்பல், கொட்டியது அதன் சொந்த எரிபொருள். அதற்குப் பொருந்துவது 2001இன் எரிபொருள் உடன்படிக்கை, உச்சவரம்பும் வேறு. கடலில் கலந்தபின் எல்லாம் ஒரே கறுப்புதான் என்று மீனவர் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அறிவியல் உதவுமா? உதவும், நீங்கள் நினைக்கும் விதத்தில் இருக்காது. பவளத்தை நேரில் பார்ப்பது வருடத்தில் நான்கு நாள். ஆனால் எந்த வாக்கியத்தில் பேரம் பேசலாம், எதில் கூடாது என்று தெரிய அறிவியல் வேண்டும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அறிஞர் குழு 2018இல் சொன்னது: 1.5 பாகை சூடேறினால் வெப்பமண்டலப் பவளத்தில் 70 முதல் 90 விழுக்காடு போகும், 2 பாகை என்றால் 99க்கும் மேல். ஒரு வரைவில் இதை "கணிசமான பாதிப்பு" என்று மெழுகப் பார்த்தார்கள். எண்ணை வைக்காவிட்டால் பத்தியே வேண்டாம் என்று எங்கள் பக்கத்துப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தேவையான பக்க எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டியது நான். என் பெயர் எங்கேயும் வராது, வரவும் கூடாது.

குடும்பம், விரதம் எல்லாம் இடிக்கும். காவடிக்கு எங்கள் நாட்டில் பொது விடுமுறை, ஆனால் கூட்டத் தேதி குறிக்கும் ஜெனீவா அலுவலகங்களுக்கு அது தெரியாது. ஒரு வருடம் பத்து நாள் விரதத்தில் எட்டு நாளை மடகாஸ்கர் தலைநகர் அந்தனனரிவோவில் ஒரு விடுதியில் சோறும் அவித்த பீன்ஸுமாக ஓட்டினேன். காவடிக்கு முந்தின இரவு வீடு வந்து சேர்ந்துவிட்டேன். மறுநாள் கோயிலில் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிட்டபோது இருந்த பசியை இன்னும் மறக்கவில்லை.

விண்ணப்பிப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். விளம்பரத்தில் பிரெஞ்சு 'விரும்பத்தக்கது' என்று போட்டிருந்தால் அதைக் 'கட்டாயம்' என்று படியுங்கள். கடைசி நாள் நள்ளிரவு வரை என்று இருந்தால் எந்த ஊர் நள்ளிரவு என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்பவர்களை நாங்கள் குறித்துவைத்துக்கொள்வோம்.