ஒற்றைப் பலகையிலிருந்து கனூ துடுப்பு: கேள்விகளும் பதில்களும்

கனூ படகுக்கான மரத்துடுப்பைக் கையால் செய்வது குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்களை இங்கே தருகிறேன். நீரைத் தள்ளும் அகன்ற பகுதியை அலகு என்றும், தண்டு அலகோடு சேரும் இடத்தைக் கழுத்து என்றும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எந்த மரம் ஏற்றது? என்னிடம் நல்ல தேக்குப் பலகை இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா?

துடுப்பு மரம் கையில் கனக்கவும் கூடாது, கல்லில் இடித்தால் பிளக்கவும் கூடாது. இரண்டிலும் முதலிடம் பெறும் மரம் இல்லாததால், நீங்கள் செல்லும் நீரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோ வரைதான் இருக்கும். ஆழமான ஏரிக்கு அது அருமையான மரம், ஆனால் பாறையில் ஊன்றினால் அதன் நுனி நசுங்கிவிடும். ஆஷ் 650 கிலோவுக்கு மேல் கனக்கும் என்றாலும், அடியையும் அதிர்ச்சியையும் தாங்குவதில் அதற்கு நிகரானவை குறைவு. கோடரிக்கும் சுத்தியலுக்கும் அதில் பிடி போடுவது அதனால்தான். இரண்டுக்கும் இடையில் நிற்கும் செர்ரி, உளிக்கும் இழைப்புளிக்கும் நன்றாக இணங்குவதால், முதல் துடுப்புக்கு அதையே பரிந்துரைப்பேன்.

தேக்கில் செய்யலாம். எடையில் அது ஆஷுக்கு அருகில் வரும், ஈரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் திடீர் அடியைத் தாங்குவதில் ஆஷுக்குப் பின்னால்தான் நிற்கும். அதிலுள்ள சிலிக்கா என்னும் மணல் போன்ற பொருள் கருவிகளின் கூர்மையை விரைவில் மழுக்கும் என்பதால் அடிக்கடி தீட்ட நேரிடும். அலகின் ஓரத்தில் மரக்கீற்றுகளை ஒட்டி அகலப்படுத்துவதாக இருந்தால், ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்கிய பிறகே பசை தடவுங்கள்.

கேள்வி: பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது ரேகையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எதை, எப்படிப் பார்ப்பது?

இந்த ஒரு கேள்வியில் பாதித் துடுப்பு அடங்கியிருக்கிறது. ரேகை என்று அவர்கள் சொல்வது மரத்தின் நார் ஓடும் போக்கை. தண்டு என்பது 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு குச்சி. அதன் வலிமை முழுவதும் மரத்தின் நார்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓடுவதில் இருக்கிறது. நார் சாய்வாக ஓடி தண்டின் பக்கத்தில் வெளியேறினால், அந்த இடத்தில் துடுப்பைப் பிடித்திருப்பது நார்களுக்கு இடையிலான ஒட்டு மட்டுமே. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தாலே வளைவைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். திடீர் அடியைத் தாங்கும் வலிமை அதைவிடக் கூடுதலாகக் குறையும். இருபதுக்கு ஒன்று என்ற சாய்வு வரை ஏற்கலாம்.

பலகையின் முகத்தில், அதாவது அகன்ற பரப்பில், மலை மலையாகத் தெரியும் அழகான கோலத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது ஆண்டு வளையங்கள் அறுபட்ட தோற்றம்தானே தவிர, நார் ஓடும் திசையை அது காட்டாது. நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், ஆஷ் போன்ற மரங்களில் ஊசியால் கீறியது போன்ற மெல்லிய கருங்கோடுகள் தெரியும். அவை மரத்தின் நீர்க்குழாய்கள். நார் போகும் திசையிலேயே அவையும் போகும். அவை கண்ணுக்கு எட்டாத மரமென்றால், கூரான ஊசியை மிக லேசாக அழுத்திப் பலகையின் நீளவாக்கில் இழுங்கள். ஊசி தானாகவே நாரைப் பின்பற்றி ஒரு பக்கம் ஒதுங்கும். இந்தச் சோதனையை அகன்ற முகத்திலும் ஒடுங்கிய பக்கத்திலும், இரண்டு இடங்களிலும் செய்ய வேண்டும். முகத்தில் நேராக இருந்து பக்கத்தில் சாய்ந்திருக்கும் பலகைகளே அதிகம் ஏமாற்றுகின்றன.

தண்டு வரும் இடத்தில் குண்டூசித் தலை அளவு கணுகூட இருக்கக் கூடாது. அலகின் ஓரத்தில் சிறிய, இறுகிய கணு ஒன்று இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: துடுப்பின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? உயரத்தை வைத்துக் கணக்கிடும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

நின்ற உயரத்தை வைத்துக் கணக்கிடுவதுதான் சிக்கலுக்குக் காரணம். நாம் உட்கார்ந்தோ மண்டியிட்டோ துடுப்பு வலிக்கிறோம். கால் நீளத்துக்கு இதில் வேலையே இல்லை. தட்டையான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையின் பரப்பிலிருந்து உங்கள் முகவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட இடம் வரை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடியின் உச்சியிலிருந்து கழுத்து வரையிலான நீளம் அதுதான். அதனோடு அலகின் நீளத்தைக் கூட்டினால் மொத்த நீளம் கிடைக்கும். ஒடுக்கமான நீள அலகு என்றால் 65 முதல் 70 சென்டிமீட்டரும், அகன்ற அலகு என்றால் 50 சென்டிமீட்டரை ஒட்டியும் வரும். ஆகவே, ஒரே ஆளுக்கு இரண்டு வகைத் துடுப்புகளின் மொத்த நீளம் வேறுபடுவதில் தவறில்லை.

கேள்வி: என் முதல் துடுப்பு பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அரை மணி நேரத்தில் தோள் வலிக்கிறது. எங்கே மரத்தைக் குறைப்பது, உடைந்துவிடாதா?

முதல் துடுப்புகளில் பெரும்பாலானவை உடைவதில்லை. கனமாக இருப்பதால் மூலையில் சாத்தப்படுகின்றன. நிமிடத்துக்கு 30 முறை வலித்தால் ஒரு மணி நேரத்தில் 1,800 முறை அதை நீருக்கு மேலே தூக்குகிறீர்கள். 100 கிராம் அநாவசிய மரம் இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 180 கிலோவை வீணாகத் தூக்கியிருப்பீர்கள். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள செர்ரித் துடுப்பு 600 முதல் 700 கிராமுக்குள் அடங்க வேண்டும்.

அலகின் விளிம்பில்தான் முதலில் கை வையுங்கள். விளிம்பைச் சுற்றி நட்டநடுவில் ஒரு கோடு இழுத்து, அதற்கு இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு கோடுகள் வரையுங்கள். இந்த இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட 6 மில்லிமீட்டர்தான் கடின மரத் துடுப்பின் விளிம்பு. ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரம் என்றால் 8 வரை விடலாம். முதலில் விளிம்பை ஒட்டி அந்தக் கோடு வரை சரிவாக இழைத்து இறக்குங்கள். பிறகு அந்தச் சரிவைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தி, அலகின் நடுவில் ஓடும் முதுகை நோக்கி வாருங்கள். ஒரு முகத்தை முழுதாக முடித்துவிட்டு மறு முகத்துக்குப் போகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மரம் குறையும்போது உள்ளிறுக்கம் மாறி அலகு வளையக்கூடும் என்பதால், இரு முகங்களையும் மாற்றி மாற்றி இழையுங்கள்.

நடுமுதுகு கழுத்தில் தண்டின் முழுத் தடிமனோடு தொடங்கி, அலகின் பாதி நீளத்தைத் தாண்டியதும் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்து, நுனியை நெருங்கும்போது விளிம்போடு கலந்து மறைய வேண்டும். மரத்தைக் குறைக்கக் கூடாத இடம் கழுத்து மட்டுமே. கீழ்க்கை பிடிக்கும் இடத்துக்கு அருகிலேயே வளைவு அழுத்தம் உச்சமடைகிறது. கழுத்தின் இருபுற வளைவிலும் திடீர்ப் பள்ளம் எதுவும் விழாமல், தண்டு தன் தடிமனோடே அலகுக்குள் நீண்டு நுழையட்டும்.

அளவுகோல் சொல்வதைக் கையாலும் சரிபாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் ஒரு முகத்திலும் சுட்டுவிரல் மறு முகத்திலுமாக அலகைப் பிடித்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு மெதுவாக நகர்த்தினால், அரை மில்லிமீட்டர் மேடுகூட விரலில் தட்டும். பிறகு நுனியைத் தரையில் ஊன்றிக் கைப்பிடியை லேசாக அழுத்துங்கள். அலகு சீராக வளைந்து, விட்டவுடன் நேராக நிமிர வேண்டும். ஒரே இடத்தில் மடிவது போலத் தோன்றினால், அந்த இடத்தில் அளவுக்கு மீறி மெலிந்திருக்கிறது என்று பொருள். அதற்கு இரு புறமும் கொஞ்சம் குறைத்து வளைவைப் பரவச் செய்யுங்கள்.

கேள்வி: சதுரத் தண்டை எப்படி உருட்டுவது? எனக்கு எப்போதும் கோணலாகவே வருகிறது.

நேரடியாக உருட்ட முயல்வதுதான் காரணம். சதுரத்தை எட்டுப் பட்டையாகவும், எட்டைப் பதினாறாகவும் ஆக்கிய பிறகே வட்டத்துக்குப் போக வேண்டும். 30 மில்லிமீட்டர் சதுரம் என்றால், ஒவ்வொரு முகத்திலும் இரு ஓரங்களிலிருந்தும் 8.8 மில்லிமீட்டர் உள்ளே கோடு இழுத்து, கோட்டுக்குக் கோடு மூலையைச் சீவினால் எட்டுப் பட்டைகளும் சமமாக வரும். எந்த அளவுச் சதுரமானாலும் பக்கத்தை 0.293ஆல் பெருக்கினால் போதும். பதினாறு பட்டை கண்ணளவிலேயே வந்துவிடும். கடைசியில் உப்புத்தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, தண்டைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் மாறி மாறி இழுங்கள். பக்கவாட்டில் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைத்தால் தண்டு சற்று முட்டை வடிவமாகி, அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். வலிக்கும் திசையில் தடிமன் குறையாததால் வலிமையும் பெரிதாகக் குறையாது.

கேள்வி: கழுத்து வளைவில் இழைக்கும்போது மரம் பிய்ந்துகொண்டு வருகிறது.

திசை தவறு. எப்போதும் அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கும், தடிமனிலிருந்து மெலிவுக்கும் இழையுங்கள். அலகின் அகன்ற இடத்திலிருந்து நுனியை நோக்கி ஒரு திசை, அதே இடத்திலிருந்து தண்டை நோக்கி இன்னொரு திசை.

கேள்வி: மின்கருவிகள் எதுவும் இல்லாமல், வெட்டிய மரத்துண்டிலிருந்தே செய்ய முடியுமா?

முடியும், சிறப்பாகவே முடியும். வட அமெரிக்கக் காடுகளின் பூர்வகுடி மக்கள் கோடரியையும், உடலை நோக்கி இழுத்துச் செதுக்கும் வளைகத்தியையும் கொண்டே மிக மெல்லிய துடுப்புகளைச் செய்தார்கள். ஆப்பு அடித்துப் பிளந்த மரம் தன் நார் வழியாகவே பிளப்பதால், ரம்பத்தில் அறுத்த பலகையில் நேரும் நார்ச்சாய்வு இதில் வராது. பச்சை மரம் செதுக்க எளிதாக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் விட்டு உருவத்தைச் செதுக்கி, வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் சில மாதங்கள் உலர்த்திய பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: வலிக்கும்போது துடுப்பு நீருக்குள் இடமும் வலமுமாக நடுங்குகிறது. மரத்தின் குறையா, என் கையின் குறையா?

பெரும்பாலும் அலகின் இரு பாதிகளும் ஒத்துப்போகாததுதான் காரணம். ஒரு விளிம்பு மறு விளிம்பைவிடத் தடித்திருந்தாலோ, அலகு முறுக்கிக்கொண்டிருந்தாலோ, நீர் இரு பக்கமும் சமமாக நழுவாமல் மாறி மாறிச் சுழன்று விலகும். நேரான இரண்டு சட்டங்களை அலகின் குறுக்கே, கழுத்தருகே ஒன்றும் நுனியருகே ஒன்றுமாக வைத்து, நுனிப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சட்டங்கள் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு இருக்கிறது. முறுக்கு இல்லையென்றால் தடிமன் அளக்கும் காலிப்பரால் இரு விளிம்புகளையும் ஒப்பிட்டு, தடித்ததைக் குறையுங்கள். நடுமுதுகு கூர்மையான வரப்பாக எழும்பியிருந்தாலும் நடுக்கம் வரலாம். அதை மழுக்கி வட்டமாக்கினால் அடங்கும்.

கேள்வி: வார்னிஷா, எண்ணெயா?

இரண்டும்தான். அலகுக்குப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் படகு வார்னிஷ். கை பிடிக்கும் தண்டுக்கும் கைப்பிடிக்கும் ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். வார்னிஷ் பூசிய தண்டு நனைந்த கையில் வழுக்கி உராய்ந்து கொப்புளத்தை உண்டாக்கும். பூசுவதற்கு முன், மரத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, சிலிர்த்தெழும் நார்களை 220ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இதை இரண்டு முறை செய்தால் முதல் மழையிலேயே துடுப்பு சொரசொரப்பாவது நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பற்றும். விரித்து, வெளியில், தனித்தனியாக உலர்த்துங்கள்.

கேள்வி: நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. துடுப்பு வீண்தானா?

வீணாகவில்லை. முழுவதுமாக உலரவிட்டு, விரிசலை மெல்லத் திறந்து, நீர்த்த எபாக்ஸிப் பசையை உள்ளே இறங்கும்படி ஊற்றி, கிளாம்ப்பால் மிதமாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். இறுகிய பிறகு நுனியைச் சுற்றி நார்களின் வெட்டுமுனை தெரியும் இடமெல்லாம் இரண்டு மூன்று பூச்சு எபாக்ஸி கொடுங்கள். நீரை உறிஞ்சி வீங்குவதும் உலர்ந்து சுருங்குவதுமே அந்த விரிசலைத் தொடங்கி வைத்திருக்கும். அடுத்த முறை கரையேறியதும் துடுப்பை நுனி தரையில் படும்படி சாய்த்து வைக்காமல், கைப்பிடியில் கயிறு கட்டி நிழலில் தொங்கவிடுங்கள்.