கதவு சாத்தக்கூடிய அறை இருக்கிறதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த உம்ஷ்லாங்காவில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், அல்லது ஐந்து நாளும் அலுவலகம் வரலாம் என்று முடிவை எங்களிடமே விட்டிருக்கிறார்கள். போக வர இரண்டு மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. வீட்டில் மாமியாரும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, மிச்சமாகும் அந்த இரண்டு மணி நேரம் யார் கைக்குப் போகும் என்பதை முதலில் யோசியுங்கள். 2020 மார்ச் 27 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தவள் நான். "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அந்தப் பருப்பைக் கொஞ்சம் கிளறிவிடம்மா" என்பார் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பகலில் விட்டுப்போன கணக்கைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு முடிப்பேன். பயணத்தில் மிச்சமான நேரம் ஒரே வாரத்தில் அடுப்படிக்குப் போய்விட்டது.

ஆகவே, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை உங்கள் வீட்டில் இருந்தால் மட்டுமே மூன்று நாளை ஏற்றுக்கொள்ளுங்கள். வரிக் கணக்கிலும் இந்த அறை முக்கியம். வேலைக்கென்றே ஒழுங்குசெய்து, வேறெதற்கும் பயன்படுத்தாமல், உங்கள் பணியில் பாதிக்கு மேல் அங்கேயே செய்தால்தான் வீட்டு அலுவலகச் செலவைக் கழிக்க வருவாய்த் துறையான சார்ஸ் அனுமதிக்கிறது. ஐந்தில் மூன்று நாள் என்பது அந்தப் பாதியைத் தாண்டிவிடும். சாப்பாட்டு மேசையோ எத்தனை நாள் உட்கார்ந்தாலும் கணக்கில் சேராது.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். 2023இல் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இருட்டில் தவித்தோம். 2024 மார்ச் இறுதிக்குப் பின் அது பெருமளவு ஓய்ந்திருந்தாலும், இன்வெர்ட்டருக்கும் இணையத்துக்கும் யார் பணம் கொடுப்பது என்பதை ஒப்புக்கொள்வதற்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

அலுவலகத்திலும் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. சிக்கலான கோரிக்கை ஒன்றை அனுபவசாலி ஒருவர் தொலைபேசியில் எப்படி விசாரிக்கிறார் என்பதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டே நாம் பாதித் தொழிலைக் கற்கிறோம். நீங்கள் வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லையென்றால், சாலையில் கழியும் நேரம் வருத்தமளித்தாலும், இப்போதைக்கு ஐந்து நாளும் போய்வருவதே நல்லது என்பேன்.

வீட்டைத் தேர்ந்தெடுத்தால், வேலை நேரம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சம்பளம் அரசு விதித்த வரம்புக்கு உட்பட்டிருந்தால், 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 12 மணி நேர ஓய்வும் உண்டு. இரவில் வரும் மின்னஞ்சலுக்கு உடனே பதில் எழுதிப் பழக்கிவிடாதீர்கள்.

மாமியாரிடம் இதையெல்லாம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது. என் வீட்டில் என் கணவர்தான் சொன்னார். மறுநாளிலிருந்து கதவு சாத்தியிருந்தால் மாமியார் தட்டவே இல்லை. பிள்ளைகளையும் தட்ட விடவில்லை.