பதில்: ரெஜிஸ்டர்ல ஊசி இருக்கு, நோயாளிக்கு இல்ல

தங்கச்சி, திருக்கை முள்ளு குத்தி உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற கடலுக்குப் போறவங்கள டிடி ஊசி (ரணஜன்னி தடுப்பூசி) இல்லன்னு ராமநாதபுரத்துக்கு அனுப்புறாங்க, ஆனா ரெஜிஸ்டர்ல போட்டதா கணக்கு இருக்குன்னு எழுதிருந்தீங்க. நர்ஸா இருந்துக்கிட்டு உங்க பேர்ல மனு போட்றாதீங்க, புகார் சொல்றவங்களுக்கான 2014 பாதுகாப்புச் சட்டம் பாஸானதோட சரி, அமலுக்கே வரல. ஊர்ல நம்பிக்கையான ஒருத்தர விட்டு 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டச் சுகாதார அலுவலர் (முன்ன சுகாதாரத் துணை இயக்குநர்) ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடச் சொல்லுங்க, காரணம் சொல்லத் தேவையில்ல. ஊசி வரவு, செலவு, இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்புற சீட்டு) நகல் மூணும் தேதியோட கேக்கட்டும். 30 நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீடு. ரெஜிஸ்டர போட்டோ எடுத்து வாட்ஸப்ல விட்டீங்கன்னா மொத மெமோ உங்களுக்குத்தான், எங்க வீட்லயே பட்டிருக்கோம். திங்கக்கிழமை கலெக்டர் மனு நாளுக்கு அந்தப் பதில எடுத்துட்டுப் போகட்டும், வெறுங்கையோட போனா மனு சுத்தி அதே ஆபீஸுக்குத்தான் வரும்.