இருபது வருடத்துக்கு மேல் புகைத்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சிகரெட்டை விட முடியுமா?

முடியும். எங்கள் நாலு பேரில் மூன்று பேர் சில வருடங்களாகத் தொடவில்லை. நாலாவது ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதையும் படித்தேன். தனியாக விட்டுப் பார்த்து முடியாமல் போனது, வேலையிடத்தில் கூடப் புகைக்கும் மூன்று பேருக்கும் விட ஆசை, ஆனால் "ஒருத்தன் பற்றவைத்தால் நாலு பேரும் போய்விடுவோமே" என்று பயம். நியாயமான பயம்தான். அதற்குப் பதில் சொல்ல எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோயம்புத்தூர். பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை. இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே தம் என்றால் பேக்கரி. காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினால் ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் சிகரெட். எங்கள் லேத் அண்ணன் பீடிக்காரர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மீசை முளைக்கும் முன்பே தொடங்கியவர். சரக்கு டெம்போ ஓட்டுபவருக்கு கிங்ஸ். ஸ்டோர்ஸ் பார்க்கும் தம்பிதான் எங்களில் சின்னவன், அவனுக்கே நாற்பது நெருங்குகிறது. நான் எது கிடைத்தாலும் பிடிப்பேன்.

டெம்போக்காரருக்கு ஒரு நாள் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒன்றுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர் திரும்ப வேலைக்கு வந்த அன்று பதினோரு மணிக்கு எங்களோடு பேக்கரிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வண்டியிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேன். "சிகரெட்டை விட்டுருவேன் போலிருக்குதுங்க. உங்களையெல்லாம் விட்டுட்டு இருக்கத்தான் முடியல" என்றார்.

நீண்ட காலம் புகைத்தவர்களுக்கு இதுதான் பெரிய முடிச்சு என்று நினைக்கிறேன். "கூட்டாளிகளை விடு, பழக்கம் தானாகப் போய்விடும்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கூட்டாளிகளோடு நின்ற அந்தக் கால் மணி நேரத்தில்தான் மகனுக்கு எந்தக் காலேஜ் என்று பேசியிருப்போம், சீட்டுப் பணத்துக்கு வழி கேட்டிருப்போம், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொல்லி அழுதிருப்போம். தனியாக விடுகிறவன் நிக்கோடினோடு சேர்த்து அந்தக் கால் மணி நேரத்தையும் இழக்கிறான். எனக்குத் தெரிந்த பல பேர் திரும்பிப் போனது நிக்கோடினைத் தேடி இல்லை, அந்த ஆட்களைத் தேடித்தான். அதனால் நாங்கள் பதினோரு மணியை அப்படியே வைத்துக்கொண்டு சிகரெட்டை மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த பெரிய இதய ஆய்வில் 1971 முதல் 2003 வரை சேர்ந்த தகவல்களை எடுத்து, 12,067 பேரில் யார் யாருக்கு உறவு, யார் யாருக்கு நண்பர் என்று வரைந்து பார்த்தார்கள் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும். 2008ல் வெளிவந்தது. கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36. சின்ன நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34. கூடப் பிறந்தவர் விட்டால் 25தான். அதாவது சொந்த அண்ணன் தம்பியைவிடப் பக்கத்து மெஷின்காரருக்குப் பிடி அதிகம். ஒன்றாகப் பழகும் கூட்டங்கள் கூட்டமாகவே விட்டிருக்கின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வே தேவையில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர்களைப் பாருங்கள். லேத் அண்ணன் வருடா வருடம் மாலை போடுவார். அந்த விரத நாள் முழுக்க ஒரு பீடி கிடையாது, கை நடுக்கம் கிடையாது, எரிச்சல் கிடையாது. சுற்றி இருப்பவர்களும் சாமி, இவரும் சாமி, யாரும் நீட்ட மாட்டார்கள், இவரும் கேட்க மாட்டார். மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றினால் அன்று சாயங்காலமே பீடிக்கட்டு சட்டைப்பையில் ஏறிவிடும். உடம்புக்கு முடியும் என்பது அவருக்கு ஒவ்வொரு வருடமும் நிரூபணம் ஆகிக்கொண்டிருந்தது. மாலை கழற்றிய பிறகு கூட நிற்க ஆள் இல்லாததுதான் குறை.

ஆயுத பூஜை முடிந்து மெஷின் ஓட்டும் முதல் நாளைத் தேதியாக வைத்தோம். நாலு பேருக்கும் ஒரே நாள். பேக்கரிப் பக்கம் போகவில்லை, எதிர்த் திசையில் புளியமரத்தடியில் நிற்கும் கம்மங்கூழ் வண்டிக்குப் போனோம். ஒரு கையில் கூழ்ச் சொம்பு, இன்னொரு கையில் மோர் மிளகாய். இரண்டு கைக்கும் வேலை இருந்தது பெரிய உதவி, இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

பந்தயம் கட்டலாம், பிடிப்பவன் ஐந்நூறு ரூபாய் வைக்கட்டும் என்று தம்பி சொன்னான். லேத் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "காசுன்னு வந்துட்டா பொய் சொல்லத் தோணும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அபராதம் வந்தால் மறைப்பு வரும், மறைத்தவன் கூட்டத்துக்கு வருவதைக் குறைப்பான், அப்புறம் அவன் கைவிட்டுப் போன மாதிரிதான். நாங்கள் வைத்துக்கொண்டது ஒரே ஒரு ஒப்பந்தம்: பற்றவைக்கும் முன்பு மூன்று பேரில் ஒருவருக்குப் போன் செய்ய வேண்டும். பேசி முடித்த பிறகும் பிடிக்கத் தோன்றினால் அவரவர் இஷ்டம்.

முதல் வாரம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். உடம்பில் இருக்கும் நிக்கோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், பிறகு மூன்று நான்கு வாரத்தில் தணிந்துவிடும். ஒவ்வொரு தடவை ஆசை கிளம்பும்போதும் அது சில நிமிடங்கள்தான் நிற்கும். ஒரு போன் பேசி முடிக்கும் நேரம்.

யாரும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லாதது டீ, காபி விஷயம். தம்பிக்கு மூன்றாம் நாள் படபடப்பு, இரவெல்லாம் தூக்கமில்லை, ஸ்டோர்ஸில் பில் எழுத முடியாத அளவுக்குக் கை நடுக்கம். நிக்கோடின் இல்லாததால்தான் என்று நினைத்தோம். டெம்போக்காரரின் டாக்டர்தான் விளக்கினார். புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும், அதே அளவு காபி குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். சிகரெட்டுக்குப் பதில் என்று அவன் டீயைக் கூட்டிக்கொண்டே போயிருந்தான். பாதியாகக் குறைத்ததும் தூக்கம் வந்தது. நீங்கள் முதல் நாளிலிருந்தே குறைத்துவிடுங்கள்.

இருமல் கூடும், பயப்பட வேண்டாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருக்கிறது. சில வாரத்துக்கு மேல் நீடித்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ டாக்டரிடம் போங்கள். வாயில் புண் வரும், மலச்சிக்கல் வரும், புகைப்பது போலக் கனவு வந்து திடுக்கென்று விழிப்போம். இதையெல்லாம் வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கும். கூழ் வண்டியில் சொன்னால் "எனக்குந்தானுங்க" என்று மூன்று குரல் வரும். அந்தப் பதிலைக் கேட்டதும் பாதிப் பயம் போய்விடும்.

நிக்கோடின் சூயிங்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தப்பாக மென்றுவிட்டு "அது வேலைக்கு ஆகாது" என்கிறார்கள். சாதாரணச் சூயிங்கம் போல விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக நாலு கடி, நாக்கில் காரம் போலச் சுள்ளென்று தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுள்ளென்பது அடங்கினால் மறுபடி நாலு கடி. அது வாயில் இருக்கும்போதும் அதற்கு முன் கால் மணி நேரமும் காபி, ஜூஸ் வேண்டாம், புளிப்பு இருந்தால் நிக்கோடின் சரியாக உள்ளே இறங்காது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. மாத்திரைகளும் உண்டு, அவை மருத்துவர் சீட்டோடுதான்.

இனி அந்தப் போன் ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன். விட்டுச் சில மாதம் ஆகியிருக்கும், தம்பியின் மாமனார் பொள்ளாச்சிப் பக்கம் கிராமத்தில் தவறிவிட்டார். துக்க வீட்டில் ராத்திரி முழுக்க ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள், தட்டில் வெற்றிலை பாக்கோடு பீடியும் சிகரெட்டும் சுற்றி வரும். நடுராத்திரிக்கு மேல் எனக்குப் போன். "அண்ணா, கையில எடுத்துட்டேன்."

பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. பந்தலை விட்டு வெளியே வா என்றேன். வந்தான். யார் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னான். மாமனார் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். அப்போதுதான் அவன் பேச ஆரம்பித்தான். ராகிக் களி கேட்டாராம், டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்ததால் கொடுக்கவில்லையாம். தோப்பை இனி யார் பார்ப்பது, மனைவியின் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பந்தல்காரனுக்குப் பணம் யார் தருவது என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் "ம்" போட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அண்ணா, பேசிட்டே விரல்ல உருட்டிட்டிருந்தேன், தூளெல்லாம் கீழ கொட்டிருச்சு" என்றான். வெறும் காகிதம்தான் கையில் மிச்சமாம். சரி, போய்க் கை கழுவிவிட்டு உன் சம்சாரம் பக்கத்தில் உட்கார் என்று சொல்லி வைத்தேன்.

அந்த நேரத்தில் அவன் மனைவியிடம் சொல்ல முடியுமா? அப்பாவைப் பறிகொடுத்தவள். விழித்திருந்து காது கொடுக்க வேண்டியவன், துக்க வீட்டுத் தட்டில் இருக்கும் சிகரெட் எப்படி இழுக்கும் என்று உடம்பால் தெரிந்தவனாக இருக்க வேண்டும். புகைக்காதவர்கள் அன்பில் குறைந்தவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த இழுப்பு தெரியாது, அவ்வளவுதான்.

ஆள் சேர்க்கும்போது ஏற்கெனவே விட நினைப்பவர்களை மட்டும் சேருங்கள். நாலைந்து பேர் போதும். புதிதாக விட்டவர்கள் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யத் தொடங்கினால் கூட்டம் அன்றோடு கலைந்துவிடும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நாலு பேரைத் தவிர இன்னொரு துணையும் இருக்கட்டும், பகல் நேரத்தில் 1800-11-2356 என்ற எண்ணுக்கு ஒரு தடவை பேசிப் பழகிக்கொள்ளுங்கள். புகையை விட உதவும் மத்திய அரசின் இலவச எண், சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள், தமிழிலும் பேசுகிறார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். லேத் அண்ணன்தான் அந்த நாலாவது ஆள். மகள் கல்யாண நேரத்தில், கடன் நெருக்கடியில், மறுபடி பீடியைத் தொட்டார். மறுநாளே கூழ் வண்டியில் அவரே சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்களோடு நிற்கும் அந்தக் கால் மணி நேரம் மட்டும் பீடி வேண்டாங்கண்ணா என்று கேட்டுக்கொண்டோம், இன்றுவரை அந்த வார்த்தையை மீறவில்லை. நாங்கள் மூவரும் விழவில்லை. நீங்கள் நாலு பேரும் முதல் நாளே பேசிவைக்க வேண்டியது இதைத்தான்: ஒருவர் தொட்டால் அவரை எப்படி நடத்தப் போகிறோம், அவர் நமக்கு எதை விட்டுத்தர வேண்டும்.

"ஐம்பது தாண்டிட்டேன், இனி விட்டு என்ன ஆகப்போகுது" என்பது அண்ணனின் வழக்கமான பேச்சு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951லிருந்து ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவின் ஆய்வை அவருக்குச் சொன்னேன். புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். ஐம்பது வயதில் விட்டவர்களுக்கு அதில் சுமார் ஆறு வருடம் திரும்பக் கிடைத்தது, அறுபதில் விட்டவர்களுக்கே மூன்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு வருசம்னா பேத்தி அஞ்சாவது போயிருமல்லோ" என்றார்.

இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து பீடிக்கு வந்திருக்கிறார். குறைத்ததில் அவருக்குத் திருப்தி, எங்களுக்கு இல்லை. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பதால் இதயத்துக்குக் கூடும் ஆபத்தில் பாதி அளவு இருக்கிறது என்று 2018ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். டெம்போக்காரர் இதைத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வரும் கார்த்திகைக்கு அண்ணன் மாலை போடும்போது தம்பியும் கூடப் போடுகிறான். மலையிலிருந்து இறங்கும் வாரத்துக்கு முன்பே அவரை மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டுவதாக இருக்கிறோம், மாத்திரை தேவையா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அன்று மூன்று பேரும் அரை நாள் லீவு சொல்லியாயிற்று.