ஆல் பாஸ் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் போட்டதாக நகராட்சியில் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் மன்றக் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். "பத்திரிகைக்காரங்களுக்கு மட்டும்தான் தம்பி" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமைச்சரவையில் தொடங்கி வார்டு கமிட்டி வரை எல்லா அரசுக் கூட்டங்களையும் நேரலையில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. பாதிக் கவுன்சிலர்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. ஊர் பார்த்தால் வெட்கப்பட்டாவது திருந்துவார்கள். கேமரா வந்தால் எல்லாரும் நடிப்பார்கள், ஒரு காரியமும் நடக்காது என்கிறான் என் நண்பன். யார் சொல்வது சரி?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

சில வாரங்களாகப் பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாளிதழுக்காக நகராட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்து கிறுக்கியவை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் வயதில் ஒருவர், யாரும் கூப்பிடாமல், மன்றக் கூட்டம் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். திருப்பி அனுப்பியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கும் போங்கள்.

அமைச்சரவையை விட்டுவிடுவோம். உள்ளே மோதிக்கொண்டு வெளியே ஒரே முடிவோடு வர வேண்டிய இடம் அது. முடிவெடுத்து விவகாரம் முடிந்ததும் அந்த முடிவையும், காரணங்களையும், ஆதாரமான காகிதங்களையும் வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்குவோம்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் மூடிய அறையில்தான் கூடுகின்றன. அவையில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அங்கே ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது. ஆனால் நடிப்பார்கள் என்பதற்காகக் கதவைச் சாத்த ஆரம்பித்தால் எந்தக் கதவைத்தான் திறப்பது? அரசியல் நிர்ணய சபை 165 நாட்கள் கூடியது. பார்வையாளர் மாடத்துக்கு வந்து போனவர்கள் சுமார் 53,000 பேர். அவர்கள் கண் முன்னால்தான் அரசமைப்புச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் அடிபட்டுத் தேறியது. நண்பருக்கு இது போதும்.

உங்களிடம்தான் எனக்குச் சண்டை. "எழுதப் படிக்கவே தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று ஆனது. நான் செய்தி சேகரித்த நகராட்சியில் அப்படி வந்த ஒரு அம்மாள் இருந்தார். படிப்பு மூன்றாம் வகுப்பு. கட்சிக்காரர்கள் அவரை ஒரு கையெழுத்தாக மட்டும்தான் நினைத்திருந்தார்கள். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு மன்றப் பொருள், அதாவது கூட்டத்தில் முடிவுக்கு வைக்கிற விஷயங்களின் பட்டியல், வீட்டுக்கு வரும். நீளத் தாளில் சைக்ளோஸ்டைல் அடித்து, மூலையில் பின் குத்தி, மை இன்னும் கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகனை உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்வார். அவர் சொல்கிற இடத்தில் பையன் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவான். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? எழுத்தர் பொருள் எண்ணை வாசிப்பார். "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்" என்று முடிப்பதற்குள் நாலு பக்கத்திலிருந்தும் "ஆல் பாஸ்" என்று குரல் வரும். சில நாள் எண்ணைக்கூட வாசிக்கமாட்டார்கள். "14 முதல் 37 வரை." "ஆல் பாஸ்." அன்றைக்கு அந்த அம்மாள் எழுந்தார்.

"இருபத்தொண்ணு. எங்க வார்டுல வாய்க்கா தூர் வாரினதுக்குப் பணம்னு போட்டிருக்கு. எந்த வாய்க்கா?"

பொறியாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஃபைலைப் பார்த்தார். தலைவர், "அம்மா, அது முன் அனுமதியில செஞ்ச வேலை. பின்னேற்புக்காகத்தான் வெச்சிருக்கு" என்றார்.

"செஞ்ச வேலைதானே? அப்ப எந்த வாய்க்கான்னு சொல்லலாமே."

பொருள் எண் 21 ஒத்திவைக்கப்பட்டது. அதே கூட்டத்தில் ஒரு கட்சி வேறு ஏதோ காரணத்துக்காக மைக்கைத் தள்ளிவிட்டு வெளிநடப்புச் செய்தது. மறுநாள் பத்திரிகையில் வெளிநடப்பு நாலு பத்தி, வாய்க்கால் நாலு வரி. அன்றைக்குக் கேமரா இருந்திருந்தால் அதுவும் மைக் போன திசையில்தான் திரும்பியிருக்கும்.

அந்த அம்மாள் கேள்வி கேட்டது யாராவது பார்க்கிறார்கள் என்பதற்காக இல்லை. காகிதம் அவர் கைக்கு முன்கூட்டியே வந்திருந்தது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் நகராட்சியில் இருந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கான மன்றப் பொருள் முந்தின நாள் இரவு, கடையெல்லாம் சாத்திய பிறகு, முன்னைவிடக் கனமாக வந்தது. "இன்னும் வாசிக்கலைங்க" என்று அவர் எழுந்து சொன்னார். சிரித்தார்கள். ஆல் பாஸ். இருபத்தொன்றும் அதற்குள்ளேயே போயிற்று.

இந்தப் பின்னேற்பைக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குழாய் உடைந்துவிட்டது, மழையில் சுவர் இடிந்துவிட்டது, மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது. அப்போது தலைவரிடம் முன் அனுமதி வாங்கி வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கலாம். நியாயமான ஏற்பாடு. ஆனால் நாளடைவில் உடையாத குழாயும் இதே வழியில் வரத் தொடங்குகிறது. வேலை முடிந்து, பில் போட்டு, சில சமயம் பணமும் கொடுத்த பிறகு மன்றத்துக்கு வருகிற பொருளை எத்தனை கேமரா வைத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? முடிவு எப்போதோ ஆகிவிட்டது. முடிவு எடுக்கிற நேரம் ஒன்று, கூட்டம் நடக்கிற நேரம் வேறொன்று. நீங்கள் கேட்பது இரண்டாவது நேரத்தின் நேரலையை.

காகிதம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் விவகாரத்தைப் பாருங்கள். 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. ஃபெரோஸ் காந்தி மக்களவையில் அதைக் கிளப்பினார். ஆளுங்கட்சிக்காரர்தான் அவர். நீதிபதி எம்.சி. சாக்ளா 1958-இல் பம்பாயில் விசாரணையைப் பகிரங்கமாக நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியதாயிற்று. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஒலிபெருக்கியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கடிதப் போக்குவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய ஃபெரோஸ் காந்தி இல்லாவிட்டால் அந்த ஒலிபெருக்கியில் ஒலிக்க என்ன இருந்திருக்கும்?

நேரலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழகச் சட்டமன்றத்தில் 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் நேரலைக்கு வந்தது. நகராட்சிக்கும் வரட்டும். ஒரு கைபேசியை முக்காலியில் நிறுத்தினால் போதும், பெரிய செலவில்லை. ஆனால் மன்றப் பொருளை ஒரு வாரம் முன்னால் இணையத்தில் போடு, பின்னேற்புக்கு வருகிற ஒவ்வொரு வேலைக்கும் அவசரம் என்ன என்று எழுது என்று கேட்டுப் பாருங்கள். கேமராவுக்குச் சரி என்ற அதே வாய் இதற்கு மென்று முழுங்கும்.

வாசலில் நின்றவரிடம் வாதாடியதற்குப் பதிலாக ஒன்று செய்திருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவில் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. தன் மன்றங்கள், குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதும் அதில் உண்டு. திறந்துதான் ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. திறந்ததா இல்லையா என்று எழுதி வை என்கிறது. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வடிகாலுக்கு வருகிறேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். தீர்மான நகல், ஒர்க் ஆர்டர், எம்.புக் (வேலையின் அளவுப் புத்தகம்) நகல் மூன்றும் கேளுங்கள். எம்.புக்கில்தான் எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர் என்று அளவு எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு தெருவில் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக்கும் போங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மன்றப் பொருளை நீங்கள் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், அதற்கு உங்களுக்கு வெட்கமில்லை என்றால்.

30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை.