ஹோம்கமிங் – கடிதம்

வணக்கம் சார்,

டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி திறந்ததிலிருந்து வீட்டில் ஹோம்கமிங் பேச்சுதான், வெள்ளிக்கிழமை ஆட்டமும் சனிக்கிழமை டான்ஸுமாகப் பள்ளி நடத்தும் விழா. இந்த வருடம் அதற்கு மாட்டிக்கொள்ளும் பெரிய பூ அலங்காரமான 'மம்' வேண்டும் என்கிறாள். விசாரித்தால் இருநூறு, முந்நூறு டாலர் சொல்கிறார்கள். டான்ஸ் நடக்கிற சனிக்கிழமைதான் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு எல்லாரையும் அழைத்திருக்கிறோம். "பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிற விழா அது. நாம் திண்டுக்கல்லில் படித்தவர்கள், நமக்கு அதில் என்ன வேலை?" என்கிறார் கணவர். எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் இவள் முகம் கொடுத்துப் பேசி இரண்டு நாளாகிறது. பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே அவ்வளவு முக்கியமா, இல்லை நாலு பேர் செய்வதால் வந்த ஆசையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாலு பேர் செய்வதால் வந்த ஆசைதான். அதனால்தான் முக்கியம்.

உங்கள் கணவர் சொல்லும் வரலாறு சரி. மிசோரி பல்கலைக்கழகம் கான்சஸ் அணியுடன் ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் 1911இல் இரண்டு அணிக்கும் பொதுவான மைதானத்திலிருந்து கல்லூரி வளாகத்துக்கு மாறியது. கூட்டம் சேர வேண்டுமே என்று விளையாட்டு இயக்குநர் செஸ்டர் புரூவர் பழைய மாணவர்களை வரச் சொல்லி அழைத்தார். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. 1909இலேயே நடத்திவிட்டோம் என்று பேய்லர் பல்கலைக்கழகமும், 1910இல் என்று இல்லினாய் பல்கலைக்கழகமும் உரிமை கொண்டாடுகின்றன. கல்லூரிகளிடமிருந்து பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ஆனால் உங்கள் பக்கத்துப் பிரிஸ்கோ, ஆலன் மாதிரி ஊர்களில் எந்தப் பழைய மாணவர் திரும்பி வருகிறார்? அங்கே நாம் மட்டுமில்லை, வெள்ளைக்காரர்களிலும் பலர் வேறு மாநிலத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். விழா எப்போதோ பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது.

ஆலன் பள்ளியின் மைதானம் 2012இல் 6 கோடி டாலரில் கட்டப்பட்டது, 18,000 பேர் உட்காரலாம். ஒரு பள்ளிக்கு இது அடாத செலவு என்பது என் கருத்து, அதை இன்னொரு நாள் பேசுவோம். ஹோம்கமிங் வெள்ளிக்கிழமை அங்கே போனால் ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், சுற்றிலும் பாருங்கள். ஆகஸ்ட் வெயிலில் தார்த் தரையில் நடந்து பழகிய பேண்ட் வாத்தியப் பிள்ளைகள் இடைவேளையில் இறங்குவார்கள். நம் பிள்ளைகள் அதில் நிறைய உண்டு. வரிசையாக நின்று ஆடும் டிரில் டீம், அணியை உற்சாகப்படுத்தும் சியர் லீடர்கள், கொடி பிடிப்பவர்கள், வாரம் முழுக்கத் தாழ்வாரத்தில் காகிதம் ஒட்டிய மாணவர் மன்றத்தார் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். ராணியாக முடிசூட்டப்படுவது ஒரே ஒரு பெண். அதுதான் இதில் ஆகச் சின்ன விஷயம். டான்ஸும் அப்படித்தான், பலர் ஒரு மணி நேரத்தில் சலித்து வெளியே வந்துவிடுவார்கள். அதற்கு முன்பு பூங்காவில் எடுக்கிற குழுப் படம், சேர்ந்து சாப்பிடப் போகும் மேசை, இந்த இரண்டிலும் தன் பெயர் இருக்கிறதா என்பதுதான் பதினைந்து வயதின் கவலை. உங்கள் மகள் பேசாமல் இருப்பது மம்முக்காக மட்டும் இருக்காது. குழுவில் யார் யார் என்று இந்நேரம் முடிவாகிக்கொண்டிருக்கும்.

"நமக்கு என்ன வேலை" என்ற கேள்விக்கு டெக்சாஸிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. தெற்கே கிரிஸ்டல் சிட்டி என்று ஒரு சிற்றூர். பசலைக்கீரை விளைச்சலுக்குப் பேர் போனது, கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்குச் சிலை வைத்த ஊர். அங்கே பழைய மாணவர் சங்கம் நடத்திய ஹோம்கமிங் ராணித் தேர்வுக்கு 1969இல் ஒரு விதி: பெண்ணின் பெற்றோரில் ஒருவராவது அதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும். பள்ளியில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். அவர்களுடைய அப்பா அம்மாக்களில் பலர் அறுவடை தேடி மாநிலம் மாநிலமாகப் போன கூலித் தொழிலாளர்கள், எங்கே படித்து முடிப்பது? சியர் லீடர் தேர்விலும் இதே கதை. டிசம்பர் 9 அன்று பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். இருமொழிக் கல்வி, மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர்கள் என்று கோரிக்கைகள் விரிந்தன. மாணவர் தலைவர்கள் வாஷிங்டன் வரை போய் செனட்டர்களைப் பார்த்தார்கள். ஜனவரியில் பள்ளி வாரியம் இறங்கி வந்தது. அந்தக் கொந்தளிப்பில் உருவான, மெக்சிகோ வம்சாவளியினரின் ராசா யுனிடா கட்சி 1970 ஏப்ரலில் பள்ளி வாரியத் தேர்தலில் வென்றது.

ஒரு கிரீடத்துக்கா இவ்வளவு என்று கேட்கலாம். நம் ஊரில் மண்டகப்படி யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்று எத்தனை கோயில் வழக்குகள் நீதிமன்றம் போயிருக்கின்றன! உங்கள் கணவர் சொல்வதும் அந்தச் சங்கத்தின் விதியும் ஒன்றுதான். அவர்கள் பிறருடைய பிள்ளைகளுக்கு விதித்ததை இவர் சொந்த மகளுக்கு விதிக்கிறார். கோபத்தில் சொன்னதாக இருக்கும், ஆனாலும் அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இனி மம். ஒரு காலத்தில் நிஜச் சாமந்தி, சட்டையில் குத்திக்கொள்வது. இன்று துணிப்பூ, முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரிப்பன்கள், மணி, கரடி பொம்மை, மின்விளக்கு. கழுத்தில் மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை முழுக்க வகுப்பில் கலகலவென்று உட்கார்ந்திருப்பார்கள். பையன்கள் கையில் அதன் சிறிய வடிவமான கார்ட்டர் இருக்கும். முந்நூறு டாலர் அதற்கு அதிகம், கொடுக்காதீர்கள். கைவினைக் கடைகளில் சாமான் தனித்தனியாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே கட்டும் அம்மாக்கள் நிறைய. கொலுப்படி அலங்கரிக்கிற கைக்கு இது பெரிய வேலையில்லை. வெள்ளையும் வெள்ளியுமாக மட்டும் கட்டிவிடாதீர்கள், அது பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு என்று வழக்கம். அவளுக்குப் பள்ளி நிறம்தான்.

கொலு ஒன்பது நாள் இருக்கிறது. அழைப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது டான்ஸுக்குப் பிறகு. யார் வீட்டுக்குப் போகிறார்கள், அங்கே பெரியவர்கள் இருக்கிறார்களா, வண்டி யார் ஓட்டுவது என்று கேளுங்கள். டெக்சாஸில் 18 வயது ஆகாதவர் லைசன்ஸ் வாங்கிய முதல் வருடம், குடும்பத்தைச் சேராத 21 வயதுக்குட்பட்டவர்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது, நள்ளிரவுக்குப் பின் ஓட்டவும் கூடாது. ஆறு பேர் ஒரே காரில் வருகிறோம் என்றால் நீங்களே போய்க் கூட்டி வந்துவிடுங்கள். ஒரு தெரு தள்ளி நிறுத்தச் சொல்வாள், நிறுத்துங்கள்.