ஸ்விட்ச் விளக்கெல்லாம் சேர்ந்து துடித்தால்... (வாசகர் கேள்வி–பதில்)

ஸ்ரீராமபுரத்தில் அச்சகம் நடத்துகிறோம். 12 கணினி, அவற்றைக் கேபிளால் இணைக்கும் 16 போர்ட் (கேபிள் செருகும் துளை) நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று. மேசைகளை இடம் மாற்றிப் போட்ட மறுநாள் நெட், பிரிண்டர் இரண்டுமே படுத்துவிட்டன. ஸ்விட்சில் எல்லா விளக்கும் சேர்ந்து படபடவென்று துடிக்கின்றன. எஸ்.பி. ரோட்டில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், பெங்களூரு

பொறுங்கள். முதலில் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். ஒரே கேபிளின் இரு முனையும் ஸ்விட்சுக்குப் போகும் சுவர்ப் பாயிண்ட்களில் செருகியிருக்கலாம். ஐ.பி. போன் (நெட்வொர்க் கேபிளில் இயங்கும் தொலைபேசி) இருந்தால் அதையும் பாருங்கள்: பின்னால் உள்ள இரண்டு போர்ட்டில் ஒன்று கணினிக்கு. இரண்டையும் சுவரில் செருகினாலும் இதே கதிதான்.

ஸ்விட்ச் வேலை செய்யும் விதம் இது. ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) வந்ததும், அனுப்பிய கணினியின் மேக் முகவரி (அதன் நெட்வொர்க் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் வந்தது என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். போய்ச் சேர வேண்டிய முகவரி அட்டவணையில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால், வந்த போர்ட்டை விட்டு மற்ற எல்லாவற்றிலும் தள்ளிவிடும். ‘இந்த ஐ.பி. யாருடையது?’ என்று கேட்கும் ஏ.ஆர்.பி. போன்ற பிராட்காஸ்ட் (எல்லோருக்குமான அறிவிப்பு) எப்போதுமே எல்லாப் பக்கமும் போகும்.

இப்போது 5-ம் போர்ட்டும் 9-ம் போர்ட்டும் ஒரே கேபிளால் இணைந்திருந்தால்? 5-ல் வெளியே போன பிராட்காஸ்ட் 9-ல் உள்ளே வரும். 9-ல் போனது 5-ல் வரும். ஸ்விட்ச் இரண்டையும் புதிதென்று நம்பி மறுபடி எல்லாப் பக்கமும் அனுப்பும். ஐ.பி. பாக்கெட்டில் டி.டி.எல். என்ற எண் ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் சாகும். ஈத்தர்நெட் ஃபிரேமில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும். போதாக்குறைக்கு, 3-ம் போர்ட்டில் இருக்கும் கணினியின் மேக் முகவரி 3-ல், 5-ல், 9-ல் என்று மாறிமாறி வருவதால் அட்டவணையும் குழம்பிவிடும்.

கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, அதுதான் குற்றவாளி.

இனி வாங்குவதென்றால் ஆர்.எஸ்.டி.பி. என்ற வளையத் தடுப்பு வசதி உள்ள மேனேஜ்டு ஸ்விட்சாக (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) வாங்குங்கள். இப்படிக் கேபிள் சுற்றிவரும் வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டைத் தானே அடைத்துவிடும். இதன் மூலமான ஸ்பானிங் ட்ரீயை (எஸ்.டி.பி.) 1985-ல் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன். பழைய எஸ்.டி.பி.யில் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். கணினி போட்டதும் ஐ.பி. கிடைக்கத் தாமதமானால் அந்தப் போர்ட்டை ‘எட்ஜ்’ (கணினி மட்டும் இணையும், காத்திருக்காமல் திறக்கும் போர்ட்) என்று குறித்துவிடுங்கள். இன்னொரு ஸ்விட்ச் செருகும் போர்ட்டுக்கு வேண்டாம்.

கிகாபிட் ஸ்விட்ச்தான். ஆனால் ஃபைல் காப்பி விநாடிக்கு 11 எம்.பி.யைத் தாண்டவில்லையே? – வாசகி, அல்சூர்

லிங்க் 100 எம்.பி.பி.எஸ்.ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட் என்பதால் சுமார் 12 மெகாபைட்) நிற்கிறது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 போதும். 4, 5, 7, 8-ல் ஒன்று கழன்றிருக்கும். இரு முனையையும் வெட்டிப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்).

ஒரே ஸ்விட்சில் சி.சி.டி.வி.யையும் பில்லிங்கையும் பிரிக்க முடியுமா? – வாசகர், சிவாஜிநகர்

மேனேஜ்டு ஸ்விட்ச் என்றால் முடியும்: ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வி.லேன் அதில் உண்டு. கேமரா போர்ட்டுகள் வி.லேன் 20, பில்லிங் வி.லேன் 10, இரண்டும் ஆக்சஸ் போர்ட்டுகள் (ஒரே வி.லேனுக்கு மட்டும்). இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட் ட்ரங்க் (பல வி.லேன்களும் சேர்ந்து போவது). அதில்தான் ஃபிரேமுக்கு எந்த வி.லேன் என்று சொல்லும் 4 பைட் டேக் ஒட்டப்படும். பலரும் தவறுவது இங்கேதான்: ஒரு முனையில் 20-ஐ அனுமதித்துவிட்டு மறுமுனையை மறந்துவிடுவார்கள். பில்லிங் கணினியிலிருந்து கேமரா பார்க்க வேண்டுமானால் நடுவே ரவுட்டரோ, ரவுட்டர் வேலையும் செய்யும் லேயர் 3 ஸ்விட்சோ தேவை.